உடைந்த துண்டைக் கேட்டவர்

முதல் தடவை அவர் என் கிளினிக்குக்கு வந்தது, உடைந்துபோன ஒரு பல்லை வாங்கிக்கொண்டு போவதற்காக.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே நான் கிளினிக் போட்டு அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பல் டாக்டர் நான்தான் என்றாலும், கட்டுகிற பல்லைச் செய்கிறவர்கள் வேறு. நாங்கள் அளவெடுத்து அனுப்புவோம். முடிச்சூரில் ஒரு லேப் இருந்தது. அங்கே பீங்கானில் பல் செய்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்புவார்கள். டப்பாவைக் கொண்டுவரும் டெலிவரி அண்ணனைத் தவிர அந்த லேபில் இருந்த யாரையும் எனக்குத் தெரியாது.

பெருங்களத்தூர் டெய்லர் ஒருவருக்கு மேல் வரிசையில் ஒரு முன்பல் கட்டியிருந்தேன். இருபதே நாளில் முனை பெயர்ந்து கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு முன்னாலேயே லேபுக்குப் போன் போட்டுக் கத்தினேன். கத்தியதில் பாதி அவர் கேட்பதற்காகத்தான்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையைச் சுற்றித் துப்பட்டா. முழங்கை வரைக்கும் வெள்ளைப் பொடி.

"டாக்டர், லேப்லேர்ந்து வரேன். டெய்லர் பல்லு நான்தான் பண்ணேன். உடைஞ்ச துண்டு இருக்கா?"

"அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க? ஒட்டவா முடியும்?"

"ஒட்டறதுக்கு இல்ல. பார்க்கணும்."

துண்டைக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய், பையிலிருந்து நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு லென்ஸை எடுத்தார். ஐந்து நிமிடம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் திரும்பி, "இவர் நூலைப் பல்லால கடிப்பாரா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. டெய்லர் என்று எழுதிவைத்திருந்தேனே தவிர, அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"பாருங்க" என்று லென்ஸை என்னிடம் கொடுத்தார். உடைந்த பரப்பில் மெல்லிய கோடுகள், விசிறி விரித்த மாதிரி. "இந்தக் கோடெல்லாம் ஒரே இடத்திலேர்ந்துதான் கிளம்புது. அங்கதான் முதல்ல விட்டிருக்கு. முனையில, இடது பக்கம். ஒரே இடத்துல தினமும் எதையோ வெச்சு இழுத்திருக்கார்."

அதோடு அவர் விடவில்லை. ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு அந்த டெய்லர் கடைக்கே போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ரவிக்கை தைத்து முடிப்பதற்குள் டெய்லர் பதினோரு தடவை நூலைக் கடித்தாராம். புதுப் பல்லில் பின்பக்கம் முழுக்க, முனை வரைக்கும் மெட்டல் வைத்து, முன்னால் தெரிகிற இடத்தில் மட்டும் பீங்கானை ஏற்றி அனுப்பினார். "நூல் மெட்டல் மேல படட்டும். அவரை மாத்த முடியாது. கத்திரிக்கோல் பக்கத்துலயே இருக்கு, எடுக்க மாட்டேங்கறார்" என்றார். அந்தப் பல் இன்றைக்கும் டெய்லர் வாயில் இருக்கிறது.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. லேப் சீட்டில்கூடத் தன் பெயரை எழுதாமல் ஒரு புள்ளி மட்டும் வைப்பவர் அவர். அது அப்படியே இருக்கட்டும்.

அன்றிலிருந்து எது உடைந்தாலும் மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் வருவார். உடையாவிட்டாலும் வருவார். ஒரு கேஸைப் பற்றிக் கேட்க ஏதாவது இருக்கும். ஷேர் ஆட்டோவில் தாம்பரம் வந்து, அங்கிருந்து இன்னொன்று பிடித்து வருவார். நோயாளி நாற்காலியில் உட்காரவே மாட்டார். என் உதவியாளர் உட்காருகிற சின்ன ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். டீ வந்தால் பாதி குடிப்பார்.

ஒவ்வொரு புது வேலைக்கும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "இது எங்க உடையும், டாக்டர்?"

எனக்கு முதலில் அது அபசகுனமாகப் பட்டது. செய்வதற்கு முன்னாலேயே என்ன உடைகிற பேச்சு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "எங்க உடையும்னு தெரிஞ்சாத்தான் அங்க பலம் கொடுக்க முடியும். எல்லா இடத்துலயும் தடிமனா வெச்சா அது பல்லா இருக்காது, பாறாங்கல்லா இருக்கும்" என்றார்.

கல்லூரியில் நானும் இதையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதியிருந்தேன். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், அதிலிருந்து விரிசல் ஓடிவிடும். பலப்படுத்தும் வழிகள் என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். மெட்டல் தாங்கல் கொடுக்கலாம், விரிசலைத் தடுக்க உள்ளே கடினமான துகள்களைக் கலக்கலாம், மேற்பரப்பை இறுக்கலாம், சூட்டிலிருந்து பதமாக ஆற்றலாம் என்று வரிசையாக எழுதிவிட்டு மறந்துபோனவள் நான். அவர் டிப்ளமாதான். ஆனால் அந்த ஐந்து மதிப்பெண்ணைத் தினமும் கையால் செய்துகொண்டிருந்தார்.

ஒருநாள் உப்பு விஷயம் சொன்னார். பல் வெந்து முடிந்த பிறகு, உள்பக்கம் ஒரு உப்புப் பசையைத் தடவி, குறைந்த சூட்டில் அரை மணி நேரம் வைத்து, எடுத்துக் கழுவுவார். வெளியிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது.

"அதனால என்ன ஆகுது?" என்றேன். அயனி பரிமாற்றம் என்ற வார்த்தை எங்கேயோ மனதில் ஓடியது.

"ஷேர் ஆட்டோல பின்னாடி மூணு பேர் உட்கார்ற சீட்டு. மூணு பேரும் ஒல்லி. கேம்ப் ரோடுல அவங்க இறங்கிட்டு, மூணு குண்டு ஆளுங்க அதே சீட்டுல ஏறினா?"

"நசுங்கிடுவாங்க."

"நசுங்கி உட்கார்ந்திருப்பாங்க. யாராலும் அசைய முடியாது. நடுவுல ஒரு பையைக்கூடச் சொருக முடியாது. செராமிக்ல இருக்கிற சோடியம் ஒல்லி. உப்புல இருக்கிற பொட்டாசியம் குண்டு. ஒல்லி இறங்கி குண்டு ஏறிக்குது. அந்த நெருக்கத்துல விரிசலுக்கு உள்ள நுழைய இடம் கிடைக்காது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா மேல மட்டும்தான். தலைமுடி கனம்கூட இருக்காது. அதைத் தேய்ச்சுட்டா ஒண்ணும் இல்ல" என்றார்.

நெருக்கத்தில் பலம் வருகிறது என்றதும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மனுஷங்க வாழ்க்கையும்..." என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"இல்ல டாக்டர். இது மண்ணு. மண்ணை மண்ணாத்தான் பார்க்கணும். இல்லேன்னா கை தப்பு பண்ணிடும்."

ஒரு தடவை அவரைப் பார்க்க லேபுக்கே போனேன். முடிச்சூரில், வயல் இருந்த இடத்தில் எழும்பிய ஒரு வீட்டின் மாடி. வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு கீழே யாரும் மிஷின் வைப்பதில்லை. உள்ளே ஆறு பேர் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃபேன் ஓடவில்லை. கரண்ட் இருந்தது.

டெலிவரி அண்ணன் என் காதருகே வந்து, "அக்கா அடுப்பைத் தொறக்கப் போவுது மேடம். அது தொறந்தா காத்து கூடாது. நாங்க மூச்சு வுடறதுக்கே பர்மிஷன் கேக்கணும்" என்றார்.

வெந்து வெளியே வருகிற பல் மீது காற்று பட்டால், ஒரு பக்கம் சீக்கிரம் ஆறி உள்ளுக்குள் இழுத்துக்கொள்ளும். அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்து ஒருத்தர் வாயில் தெரியும். அதனால் அடுப்புக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவசரப்படுத்த முடியாது. லேப் முதலாளி நல்ல மனுஷர்தான், ஆனால் எப்போதும் யாருக்காவது இன்றைக்கே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருப்பார். ஒருமுறை பொறுமை இல்லாமல் அவரே கதவைத் திறந்துவிட்டாராம். அந்தப் பல்லில் விரிசல் விழுந்தது. இவர் விரிசல் விட்ட பல்லை எடுத்துப்போய், முதலாளி படித்துக்கொண்டிருந்த பேப்பரின் மேல் வைத்துவிட்டு வந்து அடுத்த வேலையைப் பார்த்தார்.

யாரையும் அவர் குற்றம் சொல்லிக் கேட்டதில்லை. துண்டைக் கேட்பார், பார்ப்பார், எங்கே விட்டது என்று சொல்வார். யாரால் என்று சொல்ல மாட்டார். அது நமக்கே தெரிந்துவிடும்.

என் மேஜைக் கண்ணாடியை ஒருநாள் விரலால் தடவி, "இந்த மூலையில சில்லு போயிருக்கு. ஏசி காத்து நேரா படுது. இது உடையும்" என்றார். நான் மாற்றவில்லை. பத்து நாள் கழித்துக் காலையில் வந்து திறந்தபோது கண்ணாடி குறுக்காகப் பிளந்திருந்தது. எனக்கு அவரிடம் லேசாக ஒரு பயம் வந்தது அப்போதுதான். இவர் என்னைப் பார்க்கும்போதும் இப்படித்தான் பார்க்கிறாரோ என்று.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு மத்தியானம் நான் எதற்கோ சிரித்தபோது, "டாக்டர், நீங்க தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க" என்றார். கோரைப் பல்லின் நுனி தேய்ந்து தட்டையாகிவிட்டதாம். பல் டாக்டரான எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அப்பா இறந்த வருடம் அது. அம்மாவைச் சேலையூரில் தனியாக விட்டுவிட்டு வருகிறேனே என்ற கவலை. கிளினிக் நிற்குமா நிற்காதா என்ற கவலை. யாரிடமும் சொன்னதில்லை.

"உங்களுக்கு யார் அளவு எடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, என் உதவியாளரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக என்னை நோயாளி நாற்காலியில் உட்காரவைத்து, மாவைக் கலந்து டிரேயில் போட்டு வாய்க்குள் வைத்து அளவெடுத்தார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர். "மூக்கால மூச்சு விடுங்க. நீங்க எல்லாருக்கும் சொல்றதுதானே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நாளில், தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து கொண்டுவந்தார். கவலை என்ன என்று கேட்கவில்லை. அந்தக் கை என் தோளில் இருந்த அந்த இரண்டு நிமிடத்தில், கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

அந்தக் கல்யாணப் பெண் வந்தது அடுத்த மார்கழியில்.

சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பற்கள் நான்கும் அடிபட்டு, நிறம் மாறிப்போயிருந்தன. கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள், அப்படியேதான் சிரிப்பாள். தை மாதக் கடைசியில் கல்யாணம். அப்பா பெருங்களத்தூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள்.

ஈறு ஓரத்தில் கருப்புக் கோடு தெரியக் கூடாது என்பதால் மெட்டல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நான்கு பல்லும் முழுப் பீங்கான். லேபிலிருந்து அவர் இரண்டு தடவை வந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவளைப் பேசச் சொன்னார், பெயரைச் சொல்லச் சொன்னார், ஆப்பிளைக் கடிக்கச் சொன்னார். எங்கே உடையும் என்று வழக்கம்போல என்னைக் கேட்டார். "நாலும் சேர்ந்து தாங்கும். உள்பக்கம் உப்பு வெச்சுத் தரேன்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை பல் வந்தது. சனிக்கிழமை சாயந்திரம் ரிசப்ஷன். டப்பாவோடு வந்த சீட்டில், அவருடைய பெரிய பெரிய எழுத்தில், 'உள்ளே தொட வேண்டாம். சரியா இறங்கலைன்னா திருப்பி அனுப்புங்க' என்று எழுதியிருந்தது.

மூன்று பற்கள் சரியாக உட்கார்ந்தன. நான்காவது கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. திருப்பி அனுப்பினால் இரண்டு நாள் ஆகும், ரிசப்ஷனுக்கு முந்தின நாள்தான் கைக்கு வரும். அப்பா வெளியே உட்கார்ந்து மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். நான் மிஷினை எடுத்து, பல்லின் உள்பக்கத்தை லேசாகத் தேய்த்தேன். ஒரு நிமிட வேலை. பல் அழகாக இறங்கி உட்கார்ந்தது. ஒட்டிவிட்டேன்.

கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் அந்தப் பெண் கையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார்.

சனிக்கிழமை ரிசப்ஷன் சாப்பாட்டில் வடையில் இருந்த ஒரு மிளகு. நான்காவது பல் நடுவில் பிளந்து பாதி கையோடு வந்துவிட்டது. மறுநாள் காலை முகூர்த்தம் முழுக்க அவள் கையால் வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். தாலி ஏறும்போதும்.

திங்கட்கிழமை அவள் அப்பா வந்தார். உடைந்த பாதியை டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"யார் தப்பு டாக்டர் இது?"

வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் அவருடைய குடியிருப்பு. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "லேப்ல செய்யறப்போ ஏதோ குறை இருந்திருக்கு சார்."

"எந்த லேப்?"

சொன்னேன்.

நேராக முடிச்சூருக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததை டெலிவரி அண்ணன்தான் சொன்னார். "என் பொண்ணு வாழ்க்கைல ஒரே நாள், அந்த நாள் திரும்பி வருமா" என்று கேட்டாராம். முதலாளி எல்லார் முன்னாலும் இவரைத் திட்டியிருக்கிறார். இவர் எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். "துண்டு எங்க சார் இருக்கு?"

"அது கேட்டது தப்பாப் போச்சு மேடம். அந்தாளு திமிருன்னு நெனச்சிக்கினாரு. இன்னும் பேஜாராப் பூட்ச்சு" என்றார் டெலிவரி அண்ணன்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவர் படியேறி வந்தார். ஸ்டூலை இழுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"டாக்டர், அந்தத் துண்டு?"

டிஷ்யூ பேப்பரோடு அது என் மேஜை டிராயரில்தான் இருந்தது.

"தூக்கிப் போட்டுட்டேன். குப்பைல போயிடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். டெய்லரின் பல்லைப் பார்த்த அளவு நேரம்கூட இல்லை. "சரி டாக்டர்" என்றார். எனக்குத் தெரிந்து அவர் வெறுங்கையோடு இறங்கிப்போனது அன்றைக்குத்தான்.

இரண்டே நாளில் புதுப் பல் வந்தது. அதே பெரிய எழுத்தில் அதே குறிப்பு. இந்தத் தடவை நான் உள்ளே தொடவில்லை. அது நன்றாகவே இருக்கிறது.

அதன் பிறகு அவர் வரவில்லை. டப்பாக்கள் வந்தன. சில வாரத்தில் சீட்டில் எழுத்து மாறியது. புள்ளி இல்லை. கேட்டேன்.

"அக்கா இப்போ செராமிக்ல இல்ல மேடம். சார் மாத்திட்டாரு. கீழ் டேபிள்ல பிளாஸ்டர் மாவு கலந்து அச்சு ஊத்திக்கினு கீது" என்றார் டெலிவரி அண்ணன். அவருக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை. அவருக்குத் தெரியாது.

ஒருநாள் மத்தியானம், யாரும் இல்லாதபோது, துண்டை எடுத்து, அவரைப் பார்த்து நானும் வாங்கிவைத்திருந்த லென்ஸில் பார்த்தேன். கோடுகள் விசிறி மாதிரி விரிந்து, எல்லாம் உள்பக்கத்தில் ஒரே இடத்துக்குப் போயின. அங்கே பக்கத்தில் பக்கத்தில் நான்கு கீறல்கள். என் மிஷின் போட்டவை. சின்னக் குழந்தைகூடக் காட்டிவிடும்.

போன் செய்ய நினைத்தேன். கையில் எடுத்தும் இருக்கிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயமா, நேரில் போகலாம் என்று வைத்துவிடுவேன். நேரில் போக ஞாயிற்றுக்கிழமைதான் தோது, ஞாயிற்றுக்கிழமை லேப் கிடையாது. இப்படி எனக்கு நானே ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கொடுத்தேன். இரண்டு மணி ஆனால் மட்டும் காது படிக்கட்டுப் பக்கம் போகும். யாராவது ஏறி வருவார்கள். மாத்திரைச் சீட்டைத் தவறவிட்டவர்கள், மேல் மாடி டியூஷன் பிள்ளைகள். உதவியாளர் இரண்டு டீ சொல்லிவிட்டு, ஒன்றைத் திருப்பி அனுப்புவாள். பேச ஆளில்லாமல் போனதைவிட, என் வேலையைப் பார்க்க ஆளில்லாமல் போனதுதான் எனக்கு வலித்தது. நான் அனுப்புகிற அளவை வேறு யாரோ வாங்கி, எதுவும் கேட்காமல், கேட்ட தேதியில் பல்லை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சித்திரை வெயிலில் ஒருநாள், கிளினிக்கைப் பூட்டிவிட்டு, துண்டை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு முடிச்சூருக்குப் போனேன். மாடியில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"அவங்க போயிட்டாங்களே மேடம்" என்றார் முதலாளி. "மூணு வாரம் ஆச்சு. வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கார், பொண்ணையும் கூட்டிட்டு அங்க போயிட்டாங்க. ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தார். இவங்கதான் வேலையை விட மாட்டேன்னு இருந்தாங்க."

நான் டப்பாவைத் திறந்து அவர் மேஜை மேல் வைத்தேன். நான்தான் தேய்த்தேன் என்றேன். சீட்டில் எழுதியிருந்தும் தேய்த்தேன் என்றேன். அவர் லென்ஸை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதை நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், லென்ஸைக் கீழே வைத்தார். "நானும் பார்த்திருக்கணும். பார்க்காமலே திட்டிட்டேன்."

அந்தப் பெண்ணின் அப்பாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் கதவருகிலேயே நிற்கவைத்துக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். கிளினிக் நின்றுவிடவில்லை. நான் பயந்த அளவுக்கு எதுவும் ஆகவில்லை. எதற்குப் பயந்தேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

மஸ்கட் போனவருடைய பழைய நம்பர் வேலை செய்யவில்லை. டெலிவரி அண்ணன் எங்கெங்கோ கேட்டு, பெருங்களத்தூரில் இருக்கும் அவர் அண்ணனிடம் புது நம்பரை வாங்கித்தர ஒரு வருடம் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை நாள் என்பதால், கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"டாக்டர், நல்லா இருக்கீங்களா? உறை போட்டுத் தூங்கறீங்களா?"

அதே குரல். பின்னால் ஒரு சின்னப் பெண் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு லேபில் சேர்ந்துவிட்டாராம். ஏசி அறையாம். ஃபேனை நிறுத்துவதற்குப் பதில் ஏசியை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுகிறாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்தினார்.

"அக்கா, அந்தக் கல்யாணப் பொண்ணு பல்லு..."

"சார் எங்க அண்ணன்கிட்ட சொல்லியனுப்பியிருந்தார் டாக்டர். நீங்க நேர்ல போய்ச் சொன்னீங்களாம். அதுவே பெருசு."

"துண்டு குப்பைக்குப் போகல. டிராயர்ல இருந்தது."

"தெரியும்."

"தெரியுமா?"

"கேட்டதும் உங்க கை டிராயரை மூடிச்சு."

பாட்டுச் சத்தம் தள்ளிப் போயிற்று. மகளை வேறு அறைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

"தெரிஞ்சுமா சும்மா போனீங்க? அன்னைக்கே டிராயரைத் திறக்கச் சொல்லியிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"எத்தனை நாள் நெனச்சீங்க?"

அவர் யோசித்தார். கோபமில்லாமல், ஏதோ ஒரு கேஸுக்கு நாள் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"நோன்பு முடியற வரைக்கும் பார்த்தேன் டாக்டர்."

வேறு ஏதேதோ பேசினோம். பெண் எந்த வகுப்பு என்று கேட்டேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வைத்தபிறகு நான் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

கல்யாணப் பெண்ணின் பல் உடைந்த அந்த வருடம், நோன்பு மாதத்தில், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயந்திரமும் டெலிவரி அண்ணன் பல் டப்பாக்களோடு ஒரு தூக்கும் கொண்டுவந்தார். அக்கா வீட்டுக் கஞ்சி என்றார். சூடாக, புதினா வாசனையோடு, நானும் உதவியாளரும் இரண்டு டம்ளர் குடிக்கிற அளவுக்கு இருக்கும். அனுப்பியவருக்கு என் மேல் கோபமில்லை என்று எடுத்துக்கொண்டேன். அந்த நிம்மதியில் உண்மையைச் சொல்வதை மேலும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நான்கு வெள்ளிக்கிழமையும் கஞ்சியைக் குடித்துவிட்டு, 'ரொம்ப நல்லா இருந்தது அக்கா' என்று ஒரு மெசேஜ் போட்டு, தூக்கைக் கழுவித் துடைத்துக் கொடுத்தனுப்பினேன்.